கொக்கி மட்டும் மிச்சம்

இந்த வாரம் என்னைக் கண்டால் மைசூரில் இரண்டு தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மார்க்கெட்டில் நேற்று ஒருவர் என் காதுபடவே, "பெண்ணை வளர்த்த லட்சணம்!" என்றார். கையில் முருங்கைக்காயோடு நின்றிருந்தேன். பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் செய்த குற்றம் இதுதான். ஒரு பூவை, அது செடியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஏன் சார், பூ பார்ப்பது அத்தனை பெரிய காரியமா, தோட்டத்துக்குப் போனால் பார்த்துவிட்டு வரலாமே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்ற வாரம் திங்கட்கிழமை வரை.

விஷயத்தைச் சொல்கிறேன். என் மகள் வைதேகி பி.எஸ்ஸி. பாஸ் பண்ணியவள். செடி கொடி இலை பூ, இதுதான் படிப்பு. கை வேறு நன்றாக வரும். வேப்பிலையை வரைந்து வைத்தாளானால் நாக்கு கசக்கும். இங்கே ஒரு காலேஜில் தாவரப் படம் வரைகிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது. மனுப் போட்டாள். நம் நாட்டுப் பூச்செடிகள் ஐந்தின் பெயரைக் குறித்து, அவற்றை நேரில் பார்த்து வரைந்து, அடுத்த திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. பறித்த பூவைப் பார்த்து வரையக் கூடாது. சர்க்கார் தோட்டத்தில் நம்பர் போட்ட செடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வரைந்த பிறகு தோட்டத்து சூப்பரிண்டெண்ட் கையெழுத்து வேறு.

நல்ல நிபந்தனைதான். நம் பிள்ளைகள் இதுவரை புஸ்தகத்தில் படித்ததெல்லாம் இங்கிலீஷ்காரன் தோட்டத்துப் பூ. சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது, இனிமேலாவது நம் பூவை நாம் வரைவோம் என்று யாரோ ஒரு நல்ல மனுஷர் நினைத்திருக்கிறார். அவர் வாழ்க.

நாலு பூ சிரமமில்லாமல் முடிந்தது. காந்தள், நீர்முள்ளி, துத்தி, ஆனைநெருஞ்சி. தோட்டத்தின் பின்கோடியில், யாரும் சீந்தாத மூலையில் அவை பாட்டுக்குப் பூத்துக் கிடந்தன. ஐந்தாவதுதான் வம்பு. மனோரஞ்சிதம்!

மனோரஞ்சிதம் உங்களுக்குத் தெரியும். பூக்கும்போது பச்சையாகவே இருக்கும். இலை எது, பூ எது என்று சட்டென்று தெரியாது. பழுத்து மஞ்சளாகிற அன்றைக்கு வாசனை தெருக்கோடி வரை வரும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாத சங்கதி ஒன்றை என் பெண் சொன்னாள். அந்தப் பூவின் காம்பு நேராக இருக்காதாம். தூண்டில் முள் மாதிரி வளைந்து ஒரு கொக்கி. கொடி அந்தக் கொக்கியால்தான் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறதாம். பூ அதில்தான் தொங்குமாம்.

"பறிக்கறவா கழுத்தோட கிள்ளிண்டு போயிடுவா அப்பா. கொக்கி செடியிலேயே தங்கிடும். அதனாலதான் செடியைப் பாத்து வரையணும்கறா."

"அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றேன். தகப்பன் என்று இருந்தால் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். வாசலிலிருந்தே பாத்தி பாத்தியாகப் பூ. டேலியா தட்டுத் தட்டாக நிற்கிறது. பான்ஸி, ஃப்ளாக்ஸ், சால்வியா... பெயரைச் சொல்லவே பல் சுளுக்குகிற பூவெல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் நிற்கிறது. நம் பூ இருக்கிற பக்கம் போனால், செம்பருத்திச் செடியில் இலை இருக்கிறது. நந்தியாவட்டையில் இலை இருக்கிறது. பவழமல்லி அடியில் ஒன்றும் இல்லை, பெருக்கி விட்டாற்போல் இருக்கிறது. செண்பக மரத்தில் கைக்கு எட்டுகிற வரை மொட்டை. ஒவ்வொன்றின் காலடியிலும் தகரத்தில் அழகாகப் பெயர் எழுதிய பலகை மட்டும் இருக்கிறது.

மனோரஞ்சிதக் கொடிப் பந்தலடியில் தோட்டக்காரன் மாதப்பன் களை கொத்திக்கொண்டிருந்தான். ஹனூருக்குப் பக்கத்தில், தமிழ் பேசுகிற மார்டள்ளிக்காரன். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சாமி. மூணு பூவு இருக்குதுங்க. பச்சையா இருக்குது, பாருங்க. இது வியாழக்கெழமை பழுக்கும். இந்தா, இது சனிக்கெழமை. இன்னொண்ணு உள்ளார இருக்குது, அது இன்னும் ஒரு நாள் தள்ளிப் பழுக்குமுங்க."

"சரிப்பா, வியாழக்கிழமை வரோம். பாத்துக்கோ" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நா பாக்கறதுக்கு என்னங்க, நல்லாத்தான் பாப்பேன்" என்றான். அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. வைதேகி பலகை, காகிதம், பென்சில் பெட்டி, கலர் டப்பா, உட்கார ஒரு மணை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். பந்தலடிக்குப் போனால் வாசனை இருக்கிறது, பூ இல்லை! பழுத்த பூ இருந்த இடத்தில் பச்சைக் கொக்கி மட்டும் நுனி ஈரத்தோடு நின்றது.

"மாதப்பா! என்னப்பா இது?"

"என்னத்தப் பண்றதுங்க சாமி? வெடிகாலையில நடக்க வர்ற பெரியவங்க பறிச்சுக்கறாங்க. நா கேட்டா, 'நினகேனோ, தேவரிகெ கணோ'ங்கறாங்க, உனக்கென்னடா, சாமிக்குடான்னு. சாமிக்குன்னு சொல்றவங்க கையை நா புடிக்க முடியுங்களா?"

இதுதான் விஷயம். மைசூரில் விடிகாலையில் உலாத்துகிற ரிடையர்ட் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் கையில் தடி இருக்கும், மறு கையில் பூக்குடலை இருக்கும். ஒருத்தரும் தனக்கென்று ஒரு பூ பறிக்க மாட்டார். எல்லாம் பகவானுக்கு. பகவானுக்குப் பறித்தால் அது திருட்டில் சேர்த்தியா? சேர்த்தி இல்லை என்று ரிடையர்ட் ஜட்ஜே ஒருவர் குடலையோடு போகும்போது, அதற்கு மேல் அப்பீல் ஏது?

டேலியாவை ஏன் யாரும் தொடவில்லை என்று இப்போது புரிகிறதா? டேலியாவை எந்தப் பெருமாளும் ஏற்றுக்கொள்ள மாட்டார். அர்ச்சனைக்கு ஆகாது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போய்விட்டான், அவன் பூவுக்கு மட்டும் இங்கே உயிர்ப் பாதுகாப்பு! நம் பூ நம்மவர் கையில் மாட்டிக்கொண்டு சூரிய உதயம் பார்க்காமல் சாகிறது. முன்னே மகாராஜா தோட்டம் என்று கொஞ்சம் பயமாவது இருந்ததாம். இப்போது 'நம்ம' தோட்டம் ஆகிவிட்டது. நம்முடையது என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைக்கிறோம். காப்பாற்ற வேண்டியதும் நாம்தான் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

எனக்கு வந்த கோபத்தில் நேரே சூப்பரிண்டெண்ட் ஆபீசுக்குப் போனேன். மரியாதைப்பட்ட மனிதர். காப்பி கொடுத்தார். "அப்ளிகேஷனா எழுதிக் கொடுங்கோ ஸார், உடனே ஆக்ஷன் எடுக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். எடுத்தார்! சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆக்ஷன் எடுத்துவிட்டார். மனோரஞ்சிதப் பந்தலுக்கு நேர் எதிரே பெரிய போர்டு. கன்னடத்திலும் இங்கிலீஷிலும், 'இங்குள்ள அரிய மனோரஞ்சித மலரைப் பறிக்காதீர்கள்.'

போர்டைப் பார்த்ததும் வைதேகி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பா, இதுவரைக்கும் நாலு பேருக்குத்தான் தெரியும். இப்ப மைசூர் பூராத் தெரிஞ்சுடுத்து."

மறுநாள் சனிக்கிழமை. அதுவும் எப்பேர்ப்பட்ட சனிக்கிழமை... புரட்டாசி சனிக்கிழமை! பெருமாளுக்கு விசேஷம். நான் அஞ்சரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், என் மனைவி உள்ளேயிருந்து வந்து கையில் ஒன்றைக் கொடுக்கிறாள். என்ன? பூக்குடலை!

"தோட்டத்துக்குத்தானே போறேள்? அப்படியே பெருமாளுக்கு நாலு பூ கொண்டு வந்துடுங்கோ."

"அடியே, நான் பூவைக் காப்பாத்தப் போறேன்!"

"காப்பாத்தினது போக மிச்சம் இருந்தாக் கொண்டு வாங்கோளேன்."

குடலையைக் கூடத்தில் கடாசிவிட்டு ஓடினேன். கேட் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். திறந்ததும் நானும் வைதேகியும் முதல் ஆளாக நுழைந்தோம். எங்களுக்கு முன்னால் உள்ளே ஏழெட்டுப் பேர் உலாத்திக்கொண்டிருந்தார்கள்! வேலியில் ஓட்டை இருக்கிறதாம். ஊருக்கே தெரியுமாம்.

பந்தலடியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். ரிடையர்ட் அமல்தார், அதாவது நம் பக்கத்துத் தாசில்தார் மாதிரி. எங்கள் பக்கத்துத் தெருதான். பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், கம்பளி மப்ளர். குடலையில் நாகரிகமாக ஒரு வாழையிலைத் துண்டு, அதன்மேல் தனியாக ஒரு மஞ்சள் பூ.

"ஸ்வாமி, இது மனோரஞ்சிதமோன்னோ?" என்றேன்.

"ஆமாம் ஓய்! போர்டு போட்டிருக்கா பாத்தேளா? ரொம்ப உபகாரம். இருட்டிலே தேட வேண்டியிருக்கலே" என்றார் பாருங்கள்!

ஏதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் நெற்றியிலும் திருமண், அவர் நெற்றியிலும் திருமண். புரட்டாசி சனிக்கிழமை காலையில் பெருமாளுக்குப் போகிற பூவை மறிக்கிறவன் எவன்? "தன்யனானேன்" என்று முனகிவிட்டு விலகி வழி விட்டேன். வைதேகி என்னைப் பார்த்த பார்வையை அவள் அம்மாகூட என்னைப் பார்த்ததில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மணையைப் போட்டு உட்கார்ந்து, பூ இல்லாத கொக்கியைச் சும்மா வரைந்துகொண்டிருந்தாள். "எனக்கு இந்த வேலை வேணும்ப்பா. இதைத் தவிர வேற எதுவும் எனக்குப் பிடிக்கலே" என்று மட்டும் சொன்னாள், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

மாதப்பன்தான் கையைக் காட்டினான். பந்தலின் உள்பக்கம், இலைக்குள் இலையாக மூன்றாவது பூ இருந்தது. ஓரம் மட்டும் மஞ்சள் தட்டியிருந்தது. "நாளைக்குப் பழுத்துருமுங்க. இதுதான் கடைசி. இதும் போச்சுன்னா அடுத்த மொட்டு வரப் பத்து நாளு ஆகுமுங்க."

சாக்கைப் போட்டு மூடலாமா? மூடினால் வாசனையை எப்படி மூடுவது! ராத்திரி முழுக்கக் காவல் இருக்கலாமா? மாதப்பன் வீட்டில் விடுவார்களா, என் வீட்டில் விடுவார்களா? மார்க்கெட்டில் ஒரு பூ வாங்கிக் கொக்கியில் நூலால் கட்டி வைத்து வரைந்துவிடேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "அப்பா!" என்றாள். அந்த யோசனையை அதோடு விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் வேலி ஓட்டை வழியாகத்தான் நுழைந்தோம். ஐம்பத்து மூன்று வயசில், சர்க்கார் உத்தியோகஸ்தன், தவழ்ந்து போனேன். வெளிச்சம் அப்போதுதான் வருகிறது. பந்தலுக்கு இருபது அடி இருக்கும்போதே வாசனை தூக்கியது. பூ பழுத்துவிட்டது! பார்த்தால் அமல்தாரும் வந்துவிட்டார். தடியின் வளைந்த பிடியைக் கொடியில் மாட்டிக் கிளையைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஸ்வாமி, ஸ்வாமி! ஸ்வல்பம் இருங்கோ!" என்று ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். வேலை, படம், கொக்கி, நாளைக்குப் பன்னிரண்டு மணி, எல்லாம். "ரெண்டே மணி நேரம் விட்டுக் கொடுங்கோ. அப்புறம் நானே பறிச்சு உங்க ஆத்துக்குக் கொண்டு வந்து தரேன்."

பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "படத்தை எப்ப வேணாலும் வரையலாம் ஓய். பெருமாள் திருவாராதனம் எனக்காகக் காத்திண்டிருக்குமோ? போறது, பொண்ணுக்கு உத்தியோகம் என்னத்துக்கு? ஒரு நல்ல இடமாப் பாரும்" என்றார். கை பூவிடம் போனது.

நான் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் வைதேகி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தாள். பலகையைக் கீழே வைத்தாள். அவர் இழுத்துப் பிடித்திருந்த அதே கிளையை இரண்டு கையாலும் பிடித்தாள். குனிந்து, பூவுக்குள் மூக்கை வைத்து, இழுத்தாள் ஒரு மூச்சு... எனக்குக் காதில் கேட்டது. அமல்தாருக்கும் கேட்டிருக்கும்.

நிமிர்ந்து சொன்னாள். "மன்னிச்சுக்கோங்கோ மாமா. முகந்துட்டேன்."

அமல்தாரின் கை அப்படியே நின்றது.

முகர்ந்த பூ எச்சில். பூஜைக்கு ஆகாது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பூக்கட்டும்போது மூச்சுக்கூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுகிற வீட்டில் பிறந்தவர்கள் நாம். குழந்தை ஒரு மல்லிகையை மூக்குக்கிட்டே கொண்டு போனால் முதுகில் ஒன்று வைப்போம். மூன்று நாளாக நான் அப்ளிகேஷன் எழுதினேன், போர்டு வைக்கச் செய்தேன், கெஞ்சினேன், தவழ்ந்தேன். அது அத்தனையும் செய்யாததை என் பெண்ணின் ஒரு மூச்சு செய்துவிட்டது.

"ராமா, ராமா! பிராமணப் பொண்ணா இது? வேணும்னே பண்ணினா ஓய், வேணும்னே!" தடியைக் கொடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். போகிற வழியில் எதிரே வந்த இரண்டு குடலைக்காரர்களிடம் கன்னடத்தில் முறையிட்டார். அவர்கள் வந்து பார்த்தார்கள். "மூஸ் நோடிபிட்டிதீனி, ஸார்" என்று, முகர்ந்துவிட்டதை அவர்களுக்கும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு வைதேகி பென்சிலைச் சீவினாள். அவர்களும் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். பெண்ணை முறைக்க முடியவில்லை, அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மாதப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றிருந்தான். "ஏனுங்க சாமி, எனக்கு ஒரு சந்தேகமுங்க. நா குழி நோண்டி, எருப் போட்டு, தண்ணி ஊத்தி, கையால தொட்டுத் தொட்டு வளத்த பூவு சாமிக்கு ஆகுது. பாப்பா ஒருக்கா மோந்து பாத்தா ஆகாதுங்களா?"

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள், மாதப்பனிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதரை மணிக்குப் படம் முடிந்தது. ஆறு இதழும், காம்பும், கொக்கி பக்கத்துக் கிளையைப் பிடித்திருந்த பிடியும் அப்படியே வந்திருந்தன. வீட்டுக்கு வந்தால் என் மனைவிக்குச் சமாசாரம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "பெருமாளுக்குன்னு கை நீட்டின பூவை எச்சில் பண்ணினாளாமே! எந்த மூஞ்சியை வெச்சுண்டு நான் நாளைக்குக் கோவிலுக்குப் போறது?" என்று ஆரம்பித்தாள். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "பூவை என்ன பண்ணினேள்?" என்றாள். செடியிலேயே விட்டுவிட்டோம் என்றேன். "அதுவும் வீணா!" என்று அதற்கு ஒரு பாட்டம் திட்டு விழுந்தது.

திங்கட்கிழமை காலை சூப்பரிண்டெண்ட் கையெழுத்துப் போட்டார். பதினொன்றே காலுக்குப் படத்தைக் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை தபாலில் ஆர்டர் வந்தது. வேலை வைதேகிக்குத்தான்! வந்த மனோரஞ்சிதப் படங்களில் அவளுடையதில் மட்டும்தான் கொக்கி இருந்ததாம். மற்றவர்கள் எல்லாரும் நேராகக் காம்பு போட்டிருந்தார்களாம். பாவம், அவர்கள் ஊரிலும் அமல்தார்கள் இருப்பார்கள் அல்லவா?

மாதப்பனுக்கு நல்ல செய்தி சொல்ல வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனேன். கேட் வழியாகத்தான். அவன் தண்ணீர் பாய்ச்ச எங்கோ போயிருந்தான். மனோரஞ்சிதப் பந்தலில் யாரோ நிற்பது தெரிந்தது. பஞ்சகச்சமும் முதுகும் மட்டும் வெளியே இருக்கிறது, தலை கொடிக்குள்ளே. குடலை கீழே, புல்லில்.

நான் கனைத்தேன். தலை திடுக்கென்று வெளியே வந்தது. அமல்தார்! மூக்கு நுனியில் மகரந்தமோ தூசியோ ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே, ஞாயிற்றுக்கிழமை வைதேகி முகர்ந்த அதே பூ. இதழ் தளர்ந்து, ஆனால் செடியிலேயே இருந்தது. பூஜைக்கு ஆகாததால் யாரும் தொடவில்லை.

அவர் தடியால் குடலையை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தினார்.

"உம்ம பொண்ணு சமாசாரம் என்ன ஆச்சு?" என்றார்.

"கிடைச்சுடுத்து ஸ்வாமி."

"ஹூம். பேஷ்." மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "எச்சில் ஆனது ஆயாச்சு, இனிமே என்னன்னு... சும்மாப் பாத்தேன். இருபது வருஷமாப் பறிக்கறேன் ஓய். ஒரு நாளும் மூக்குக்கிட்டே கொண்டு போனதில்லே."

சொல்லிவிட்டு நாலாபுறமும் பார்த்தார். தடியால் கிளையை இழுத்துத் தாழ்த்திப் பிடித்தார். "வாரும். ஒருத்தரும் இல்லே" என்றார்.

நான் குனிந்தேன். மூக்கை உள்ளே வைத்தேன். ஐந்து நாள் ஆன பூ. தூரத்திலிருந்து காற்றில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை... இத்தனை வருஷமாக இதைத் தனியாகவே அனுபவித்துக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லையே, பெருமாளே!